குளிர்காலம்தான் சீசன் என்றார்கள்: அலெக்சாண்டிரியாவில் ஜனவரி

ஜனவரி 17

எகிப்தின் தெற்கே, லக்சரில் காலை பத்து மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டிய வெயில். அஸ்வானில் படகின் மேல்தளத்தில் உட்கார்ந்ததில் மூக்கு நுனி கறுத்துவிட்டது. "நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான்க்கா எகிப்துக்கு சீசன். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று கெய்ரோவில் வேலை பார்க்கும் தம்பி போனில் சொன்னது அதுவரை அப்படியே பலித்தது. மிச்சமிருந்தது அலெக்சாண்டிரியா. அதற்குத் தம்பியும் கூட வந்தான்.

ரயில் நைல் டெல்டாவின் வயல்களுக்கு நடுவே வந்தது. இரண்டு பக்கமும் மாட்டுத் தீவனப் பயிர், இடையிடையே ஆரஞ்சுத் தோட்டங்கள், வாய்க்கால் ஓரமாகக் கழுதை வண்டிகள். மணலையும் பாறையையுமே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்தப் பச்சை குளுமையாக இருந்தது. ஊர் நெருங்க நெருங்க ஜன்னல் கண்ணாடி பிசுபிசுத்தது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன பிசுபிசுப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தங்கியது ரமல் ஸ்டேஷன் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கும் சின்னத் தங்கும் விடுதி, இங்கே 'பென்ஷன்' என்பார்கள். இரும்புக் கிராதிக் கதவை நாமே இழுத்துச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். உயரமான கூரை, சில்லென்ற தரை. கடல் பார்த்த அறைக்கு ஓர் இரவுக்கு 300 பவுண்டு கூடுதல் (ஒரு பவுண்டு நம் ரூபாயில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு). நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய காப்டிக் (எகிப்தின் தொன்மையான திருச்சபை) கிறிஸ்தவப் பெண்மணி. தம்பி அவரை 'தான்ட்' என்று கூப்பிட்டான். இங்கே மூத்த பெண்களை அப்படிக் கூப்பிடும் வழக்கம் உண்டு. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்பக்க அறையை எடுத்துக்கொள்ளுங்கள், கடல் பக்கம் வேண்டாம் என்றார். கூடுதல் பணம் வருகிற அறையை வேண்டாம் என்று சொல்கிற ஓட்டல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தம்பி கேட்கவில்லை. "கடலைப் பாக்கத்தானக்கா வந்தோம்?"

சாயங்காலம் கார்னிஷில் நடந்தோம். கடலை ஒட்டி மைல் கணக்கில் ஓடும் சாலை, அதன் விளிம்பில் உட்காரும் உயரத்துக்கு ஒரு சுவர். சுவர் முழுக்க ஆட்கள்: காதலர்கள், தூண்டில்காரர்கள், வேர்க்கடலை கொறிக்கும் குடும்பங்கள். காற்றே இல்லை. பதினேழு பதினெட்டு டிகிரி இருக்கும். தள்ளுவண்டி ஒன்றில் 'ஹலபெஸ்ஸா' விற்றார்கள். கொண்டைக்கடலையைத் தக்காளி, சீரகம், பூண்டு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு டம்ளரில் ஊற்றி, எலுமிச்சையும் மிளகாய்த் தண்ணீரும் சேர்த்துக் கையில் கொடுக்கிறார்கள். அடியில் கடலை, மேலே காரமும் புளிப்புமாகக் கொதிக்கும் நீர். நல்ல தக்காளி ரசம் மாதிரி தொண்டையில் இறங்கியது. 20 பவுண்டு. குளிர்காலத்தில் மட்டும்தான் இந்த வண்டிகள் வருமாம். நான் இரண்டாவது டம்ளர் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஹிந்த்?" என்றார். ஆமாம் என்றேன். "அமிதாப் பச்சன்!" இந்த நாட்டில் கால் வைத்ததிலிருந்து அமிதாப் பச்சனுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் கடல் பக்கம் முகவாயை நீட்டி ஏதோ சொன்னார். நாளைக்கு வண்டி வரும், நாளை மறுநாள் வராது, 'நவ்வா' (குளிர்காலக் கடற்புயல்) வருகிறது என்றாராம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

ஜனவரி 18

காலையில் கறுப்பு மஞ்சள் லாடா டாக்சி பிடித்து கைத்பே கோட்டைக்குப் போனோம். 60 பவுண்டு. 1477இல் சுல்தான் கைத்பே கட்டத் தொடங்கிய கோட்டை. உலக அதிசயங்களில் ஒன்றான பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடமும் இதுதான். 1303லும் 1323லும் வந்த நிலநடுக்கங்களில் அது சிதைந்துபோனது. கோட்டை அழகுதான், ஆனால் என் கண் வெளியே கொட்டிக் கிடந்த கான்கிரீட் கட்டைகள் மேலேயே இருந்தது. அலை வந்து அடித்தளத்தை அரிக்காமல் இருக்க மலை மாதிரி குவித்திருக்கிறார்கள். இவ்வளவு சாந்தமான கடலுக்கு எதற்கு இத்தனை காவல் என்று அப்போது தோன்றியது.

பக்கத்தில் அன்ஃபூஷி. மரப்படகு கட்டும் பட்டறைகள் கடற்கரையிலேயே இருக்கின்றன. விலா எலும்பு மட்டும் நிற்கும் படகுகள், சீவிய மரத்தின் வாசனை, தார் வாசனை. எங்கள் ஊரில் தோணி கட்டுகிற இடத்தில் சின்ன வயதில் சுற்றியவள் நான். இங்கிருந்து என்னை நகர்த்துவது தம்பிக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஆட்கள் சின்னப் படகுகளைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய படகுகளில் இரட்டைக் கயிறு, பக்கவாட்டில் பழைய டயர். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இவர்கள் புயலுக்குத் தயாராகிறார்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். கண்ணாடி டம்ளரில் கறுப்பு டீ, பாதி டம்ளர் சர்க்கரை. தம்பி கேட்கக் கேட்க அவர் சொன்னது இது. அலெக்சாண்டிரியாவின் குளிர்காலத்துக்கு ஒரு புயல் பட்டியல் உண்டு. ஒவ்வொரு நவ்வாவுக்கும் பெயர், தேதி, எத்தனை நாள் நீடிக்கும் என்ற கணக்கு. நவம்பர் நடுவில் 'மக்னஸா' வந்து தொடங்கி வைக்கும். டிசம்பர் தொடக்கத்தில் 'காசிம்'. வருடப் பிறப்பை ஒட்டி ஒன்று. ஜனவரி 12 வாக்கில் 'ஃபைதா'. 19ஆம் தேதி 'கிதாஸ்', மூன்று நாள். 27, 28இல் 'கரம்'. மார்ச்சில் 'ஹுஸூம்' எட்டு நாள் உலுக்கும். கடைசியாக மார்ச் 24 சுமாருக்கு 'அவ்வா'. அவ்வாவுக்கு அப்புறம் நவ்வா இல்லை என்று பழமொழியே இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது பத்திரிகைகளும் இந்தப் பட்டியலைப் போடுகின்றன. தேதி ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே போகும், சில வருடம் ஏமாற்றிவிடும். ஆனாலும் கயிறு கட்டாமல் யாரும் இருப்பதில்லை என்றார்.

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது புரிந்துகொள்ளக் கஷ்டமாக இல்லை. ஆனால் தேதி போட்டுப் புயலைச் சொல்கிற துணிச்சல் எங்கள் கடற்கரையில் கிடையாது. இதன் பின்னால் இருக்கும் விஷயம் எளிமையானது. குளிர்காலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடலில், பெரும்பாலும் சைப்ரஸ் பக்கம், குறைந்த காற்றழுத்தம் உருவாகும். அது வடக்கிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு வந்து, இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் கடல்மேல் ஓட்டும். மேகம் திரண்டு எகிப்தின் வடக்குக் கரையில் கொட்டிவிடும். அதில் பெரும்பகுதி கெய்ரோவரைகூட எட்டுவதில்லை. லக்சருக்கும் அஸ்வானுக்கும் அநேகமாக ஒன்றுமே போவதில்லை. 'எகிப்துக்கு சீசன்' என்று மொத்தமாகச் சொல்கிறவர்கள் நைல் பள்ளத்தாக்கை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். இந்த ஊரின் வானிலை எகிப்தோடு சேர்த்தியே இல்லை. கிரீஸோடும் துருக்கியோடும் சேர்ந்தது.

மீன் சந்தையில் தள்ளுமுள்ளு. நாளையிலிருந்து படகு போகாது என்பதால் ஊரே இன்றைக்கே வாங்குகிறது. மடவைக்கு எங்களிடம் சொன்ன விலை கிலோ 240. எங்களுக்குப் பின்னால் வந்த அம்மாளுக்கு 210. பேரம் பேச வாயெடுத்தால் மீன்காரர் சிரித்துக்கொண்டே வானத்தைக் காட்டுகிறார்.

அங்கேயே ஒரு கடையில் மீனைத் தேர்ந்தெடுத்து எடை போட்டுக் கொடுத்தோம், சுட்டுத் தந்தார்கள். சுடுகிற விதம் எனக்குப் புதுசு. முழு மடவையைச் செதில்கூட எடுக்காமல் ஈரமாக்கி, கோதுமைத் தவிட்டில் புரட்டி, நேராகத் தணலில் போடுகிறார்கள். தவிடு கருகி மேலே கரி ஓடாக நிற்கிறது. எடுத்ததும் எலுமிச்சை, பூண்டு, சீரகம் கலந்த உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு. தட்டில் வந்தபோது தீய்ந்துபோன மீனைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சர்வர் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனே கத்தி முனையால் கரித்தோலை ஒரே உரியில் கழற்றினான். உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒரு சொட்டு ஈரம் போகாத சதை. கூட வெங்காயத்தைச் சிவக்க வறுத்துப் போட்ட பழுப்புச் சோறு, எள்ளு விழுதுச் சட்னி, ஊறுகாய் கேரட். இரண்டு பேருக்கு 620 பவுண்டு. இந்தப் பயணத்திலேயே மனதார எடுத்துக்கொடுத்த பணம்.

இரவு பத்து மணிக்கு காற்று திரும்பியது.

ஜனவரி 19

தூக்கம் கிடையாது. மூன்று மணிக்கு மர ஷட்டர்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. நாலு மணிக்கு ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர். துண்டைச் சுருட்டி வைத்தோம், அது நனைந்ததும் தம்பியின் லுங்கி, அப்புறம் என் சால்வை. விடியும்போது கார்னிஷ் சுவரைத் தாண்டி அலை சாலையில் விழுந்துகொண்டிருந்தது. நேற்று முந்தின நாள் காதலர்கள் உட்கார்ந்திருந்த அதே சுவர். துறைமுகத்தின் நுழைவாயிலை மூடிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன. மழை மேலிருந்து கீழே விழவில்லை, கடலிலிருந்து ஊருக்குள் படுக்கைவாட்டில் வந்தது. நடுவில் பத்து நிமிஷம் ஆலங்கட்டி.

தான்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்பக்க அறையின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வீடுகளில் ஹீட்டர் என்பது பெரும்பாலும் இல்லை. பத்து டிகிரி கேட்பதற்குப் பெரிய குளிராகத் தெரியாது. ஆனால் ஈரக் காற்றும் கல் தரையும் சேர்ந்தால் எலும்பில் ஏறுகிறது. டில்லிக் குளிரில் இருந்திருக்கிறேன், அங்கே இந்த அளவு நடுங்கியதில்லை.

பதினொரு மணிக்கு மருந்துக்கடைக்கும் ஒரு குடைக்கும் வெளியே வந்தோம். தெருவில் முழங்கால் தண்ணீர். உண்மையில் பெய்த மழை அப்படியொன்றும் அதிகமில்லை. அலெக்சாண்டிரியாவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 20 சென்டிமீட்டர்தான், அதில் பெரும்பகுதி டிசம்பரிலும் ஜனவரியிலும். 2023 டிசம்பரில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தைப் பார்த்தவளுக்கு இது தூறல். ஆனால் ஊர் கடலுக்கும் மரியூத் ஏரிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் ஒரு பட்டை. ஏரி கடல் மட்டத்தைவிடத் தாழ்வு. அதன் தண்ணீரைப் பம்ப் வைத்துத்தான் கடலுக்கு ஏற்றுகிறார்கள். சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகிற பழைய பகுதிகளில் ஒரு மணி நேர மழைக்கே தெரு நிரம்பிவிடும். 2015 அக்டோபரில் இப்படிப் பெய்த மழையில் மின்சாரம் தாக்கி ஆட்கள் இறந்து, ஆளுநர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. அதே வருடம் டிசம்பரில் சென்னை மூழ்கியது நினைவுக்கு வந்தது. நம் ஊரில் யாரும் பதவி விலகியதாக ஞாபகம் இல்லை.

முனையில் ஒரு ஜூஸ் கடைப் பையன் குளிர்பானக் கிரேட்டுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வரிசையாகப் போட்டு நடைபாதை ஆக்கியிருந்தான். வயதானவர்கள் வந்தால் தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறான். என்னையும் வயதானவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டான், போகட்டும். தம்பி 20 பவுண்டு நீட்டியபோது நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டிவிட்டான். பத்தடி தள்ளி நின்ற டாக்சிக்காரர் நேற்று 60 கொடுத்த தூரத்துக்கு 250 கேட்டார். குடை 180 பவுண்டு. கார்னிஷ் பக்கம் திரும்பியதும் கம்பியெல்லாம் மேல்நோக்கி மடங்கிவிட்டது. கடைக்காரரிடம் காட்டியதற்கு "மாலேஷ்" என்றார். பரவாயில்லை, விடுங்கள், வருத்தம் வேண்டாம், பணம் திரும்ப வராது என்று எல்லாவற்றுக்கும் இங்கே அது ஒன்றுதான் பதில்.

மதியம் தான்ட் கூப்பிட்டார். இன்றைக்கு காப்டிக் திருச்சபைக்கு கிதாஸ், அதாவது இயேசுவின் திருமுழுக்குத் திருநாள். புயலுக்கும் அந்தப் பெயர்தான். மேஜையில் வைத்திருந்ததைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. சேப்பங்கிழங்கு, கரும்பு, ஆரஞ்சு. பொங்கல் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. இங்கே மத்தியதரைக் கடற்கரையில் ஒரு பாட்டி எனக்குக் கரும்பைத் துண்டு போட்டு நீட்டுகிறார்!

சேப்பங்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சதுரமாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் போட்டு அலசிக் கொழகொழப்பை எடுக்கிறார்கள். அதுவரைக்கும் நம் சமையல்தான். அப்புறம் இறைச்சி வேகவைத்த சாற்றில் கொதிக்கவிட்டு, ஒரு வகைக் கீரையையும் நிறைய கொத்துமல்லித் தழையையும் பூண்டோடு வதக்கி அரைத்து ஊற்றுகிறார்கள். கரும்பச்சைக் குழம்பில் வெள்ளைக் கிழங்குத் துண்டுகள். கிழங்கு குழையாமல் வாயில் வெண்ணெயாகக் கரைந்தது. எங்கள் வீட்டில் அதை வறுக்காமல் சாப்பிட்டதே கிடையாது. கிதாஸ் அன்றைக்குச் சேப்பங்கிழங்கு சாப்பிடாதவன் மறுநாள் தலையில்லாத முண்டமாக எழுந்திருப்பான் என்று ஒரு பழமொழி சொல்லிவிட்டு, தான்ட் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். வெளியே ஷட்டர் அடிக்கிறது, கரண்ட் போய்விட்டது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 20

மழை விட்டு விட்டுப் பெய்தது. துவைத்தது எதுவும் காயவில்லை. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைத்ததில் அரபு எழுத்து உள்ளே அச்சாகிவிட்டது.

நூலகத்துக்குப் போனோம். பழைய அலெக்சாண்டிரியா நூலகத்தின் நினைவாக 2002இல் திறந்த பிரம்மாண்டக் கட்டடம். கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்த வட்டக் கூரை, சுற்றுச்சுவரில் உலகத்து எழுத்துகளைச் செதுக்கிய அஸ்வான் கருங்கல். உண்மையைச் சொன்னால் நான் உள்ளே போனது கதகதப்புக்காக. எனக்கு மட்டும் தோன்றிய யோசனையாகவும் இல்லை அது. பரீட்சை நேரம் போலிருக்கிறது, அடுக்கடுக்காக இறங்கும் வாசிப்புக்கூடம் முழுக்க மாணவர்கள், பாதிப் பேர் கோட்டைப் போர்த்திக்கொண்டு தலையை மேஜையில் சாய்த்திருந்தார்கள்.

அங்கே உட்கார்ந்து தம்பியிடம் முசிறிப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ், இப்போது வியன்னாவில் இருக்கிறது. சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து சரக்கோடு திரும்பும் 'ஹெர்மாபோலன்' என்ற கப்பலைப் பற்றிய கணக்கு. பொருள்கள் செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் வழியாக இந்த ஊருக்கு வந்து சேர வேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்த வியாபாரம் முழுக்கவே காற்றுக் கணக்கு. ஜூலையில் எகிப்திலிருந்து கிளம்பினால்தான் தென்மேற்குப் பருவக்காற்று முசிறியில் கொண்டு சேர்க்கும். திரும்பி வர வாடைக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே வந்தபின் ரோமுக்கு அனுப்ப இன்னொரு காத்திருப்பு, ஏனென்றால் நவம்பரிலிருந்து மார்ச் வரை மத்தியதரைக் கடலைக் 'கடல் மூடிவிட்டது' என்றே சொல்வார்கள். ஞாயிறு வகுப்பில், பைபிளில் பவுல் ஏறிய கப்பல் உடைந்த கதை படித்திருக்கிறோமே, அதுவும் காலம் தப்பிக் கிளம்பிய ஓர் அலெக்சாண்டிரியக் கப்பல்தான். அந்த மாலுமிகளுக்கும் அன்ஃபூஷிப் பெரியவருக்கும் தேதியில் பெரிய வித்தியாசமே இல்லை.

"அப்ப நாம ரெண்டாயிரம் வருஷம் லேட்டா தெரிஞ்சுக்கிறோம்" என்றான் தம்பி.

இரவு ரமல் ஸ்டேஷன் பக்கம் ஈரல் சாண்ட்விச். பூண்டும் பச்சை மிளகாயும் தூக்கலாகப் போட்டு வதக்கிய மாட்டு ஈரல், நீள ரொட்டியில். இந்த ஊர்ச் சிறப்பு. ஒன்று 30 பவுண்டு. காரம் போதுமா என்று கேட்ட முதல் எகிப்தியக் கடை.

ஜனவரி 21

கதவைத் திறந்தால் பளீரென்று வெயில். கடல் சாம்பல் நிறத்திலிருந்து நீலத்துக்குத் திரும்பியிருந்தது. தெரு முழுக்க எல்லா பால்கனியிலும் ஒரே சமயத்தில் துணி காயப்போட்டிருந்தார்கள், ஊரே கொடியேற்றியிருந்தது. கார்னிஷில் லாரிகள் மணலையும் கடற்பாசியையும் வாரின. பத்து மணிக்கு ஹலபெஸ்ஸா வண்டி வந்துவிட்டது.

முன்தாஸாவுக்குப் போனோம். 1892இல், அப்போது எகிப்தை ஆண்ட கெதிவ் அப்பாஸ் ஹில்மி கட்டத் தொடங்கிய கோடைக்கால மாளிகையும் தோட்டமும். மன்னராட்சிக் காலத்தில் கோடை வந்தால் அரசாங்கமே கெய்ரோவிலிருந்து இங்கே குடிபெயரும், மதராஸ் சர்க்கார் ஊட்டிக்குப் போன மாதிரி. காரணம் காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு சொட்டு மழை கிடையாது, ஆனால் வடமேற்கிலிருந்து கடற்காற்று விடாமல் வீசும். கெய்ரோ 36, 37இல் வேகும்போது இங்கே 30தான். இப்போது மன்னருக்குப் பதில் கெய்ரோ ஜனங்கள் மொத்தமும் வருகிறார்கள்.

அங்கிருந்த காபிக்கடைக்காரரிடம் எப்போதுதான் வருவது என்று கேட்டேன். கோடையா, சிரித்தார். மணலில் துண்டு விரிக்க இடம் இருக்காது, அறை வாடகை ஏறும், ராத்திரியும் சட்டை முதுகில் ஒட்டும். தூத்துக்குடிக்காரிக்கு அது ஒரு பொருட்டில்லை என்றாலும், ஒட்டுகிற சட்டைக்கு விமான டிக்கெட் எதற்கு. ஏப்ரல், மே? அவ்வா முடிந்துவிடும், பூ பூத்திருக்கும், ஆனால் கடல் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். தவிர, பாலைவனத்திலிருந்து 'கம்சீன்' காற்று வரும் நாள்களில் வானம் மஞ்சளாகி, பல்லில் மணல் அரைபடும், ஒரே பகலில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறிவிடும். அவரைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை. பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் போயிருக்கும், கோடை முழுக்கச் சூடான கடல் அக்டோபரிலும் குளிக்கப் பதமாக இருக்கும், மக்னஸா வருவதற்குள் கிளம்பிவிடலாம். அப்புறம் அவரே கையை விரித்தார். இப்போதெல்லாம் கணக்கு தப்புகிறது. 2025 மே 31 அதிகாலை, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புயல் ஆலங்கட்டியோடு வந்து ஊரைப் புரட்டிப் போட்டது.

தம்பி அக்டோபர் என்று போனில் குறித்துக்கொண்டான். நீந்தத் தெரிந்தவர்கள் குறித்துக்கொள்ளட்டும். எனக்கு நீச்சல் ஆகாது, வெயில் ஊரிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. கிதாஸ் விருந்துச் சேப்பங்கிழங்குக் குழம்பும் கொண்டைக்கடலைத் தண்ணீரும் அக்டோபரில் கிடைக்காது. யாராவது கேட்டால் ஜனவரி என்றுதான் சொல்வேன். பின்பக்க அறை, ரப்பர் செருப்பு, இரண்டு ஸ்வெட்டர், குடை வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 22

கணக்குத் தீர்க்கும்போது கடல் பார்த்த அறைக்கான 300ஐ முதல் இரண்டு இரவுக்கு மட்டும் போட்டு, மீதியைத் தான்ட் கழித்துவிட்டார். நாங்கள் கேட்கவில்லை. 27ஆம் தேதி கரம் வருகிறது, அதற்குள் ஜன்னல் சட்டத்தின் இடுக்கை அடைக்க ஆள் சொல்லியிருக்கிறாராம்.

ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். கெய்ரோவில் இறங்கினால் மழை பெய்த சுவடே இல்லை, வழக்கமான தூசி. ஈரத் துணி மூட்டையைத் தம்பி வீட்டு மொட்டை மாடியில் பிரித்துப் போட்டோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் காய்ந்திருந்தது, ஷூ தவிர.